கதை தானாக ஓடத் தொடங்கும் நேரம்

கேள்வி: இரவு படுத்ததும் மனதுக்குள் ஒரு கதை ஓட்டிக்கொண்டே தூங்குவது சின்ன வயதிலிருந்து என் பழக்கம். ஒரு மலை ஊர், அதில் ஒரு ஓட்டு வீடு, நானே உருவாக்கிய ஆட்கள். கொஞ்ச நாளாக, நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கதை தானாக நடக்க ஆரம்பிக்கிறது. நான் யோசிக்காத ஆட்கள் வந்து பேசுகிறார்கள், அதே சமயம் கட்டிலில் படுத்திருப்பதும் தெரிகிறது. ஒரு நாள் விடியற்காலையில், கனவு என்று தெரிந்தே அந்த வீட்டுக்குள் நடந்தேன். இன்னொரு நாள் கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. அமுக்குவான் பேய் என்கிறார் பாட்டி. இதெல்லாம் லூசிட் ட்ரீம், அதாவது கனவு என்று தெரிந்தே காணும் கனவுதானா? தொடரலாமா, இல்லை கதை ஓட்டுவதையே விட்டுவிட வேண்டுமா?
- வாசகி, தென்காசி

பதில்: கதையை விட வேண்டாம். உங்கள் மூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரே கடிதத்தில் மூன்று வேறு வேறு அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் ஒன்று என்று நினைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும் பயமும்.

இரவில் படுத்த கொஞ்ச நேரத்தில் கதை தானாக ஓடுகிறதே, அது பெரும்பாலும் லூசிட் ட்ரீம் இல்லை. விழிப்பு முடிந்து தூக்கம் தொடங்கும் சில நிமிடங்களில் எல்லோருக்கும் வரக்கூடிய காட்சிகள் அவை. ஆல்ஃபிரட் மோரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1848-லேயே அவற்றுக்கு ‘ஹிப்னகாஜிக்’ என்று பெயர் வைத்துவிட்டார். கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருக்கும்போது மூளையில் ஓடும் ஆல்ஃபா அலைகள் அப்போது மெல்ல அடங்கி, அதைவிட மெதுவான அலைகள் வருகின்றன. கதையின் கடிவாளம் உங்கள் கையிலிருந்து நழுவும் நேரம் அதுதான். நீங்கள் யோசிக்காத ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டால், அவர்களும் உங்களுக்குள்ளிருந்துதான் வருகிறார்கள், நீங்கள் கூப்பிடாமலே. அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்டின் குழு 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆட்களை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற வீடியோ கேமை விளையாட வைத்தார்கள். தூங்கப் போகும் நேரத்தில் பலருக்குக் கண்ணுக்குள் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. புதிதாக எதுவும் நினைவில் நிற்காத மறதி நோயாளிகளில் சிலருக்கும், விளையாடியதே ஞாபகம் இல்லாத நிலையில், அதே கட்டைகள் தெரிந்தன. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் மறந்துவிட்டதையும் அந்த நேரம் எடுத்துக் காட்டுகிறது.

விடியற்காலையில் வீட்டுக்குள் நடந்தீர்களே, அது சந்தேகமே இல்லாமல் லூசிட் ட்ரீம். முழுக் கனவுக்குள் இருந்துகொண்டு, இது கனவு என்று தெரிந்திருப்பது. இந்தப் பெயரை 1913-இல் பரவலாக்கியவர் ஃபிரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர். ரொம்ப காலம் விஞ்ஞானிகள் பலர் இதை நம்பவில்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் ஒருவரைத் தூங்க வைத்து, கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக அசைக்கச் சொல்லி வைத்திருந்தார். கனவு நேரத்தில் உடம்பு அசையாவிட்டாலும் கண் அசையும், அதனால் அந்த அசைவு அப்படியே கருவியில் பதிவானது. பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லாபெர்ஜும் தனியாக இதையே காட்டினார். 2021-இல் நாலு நாட்டு ஆய்வகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கனவில் இருப்பவரிடம் சின்னக் கணக்கு கேட்டுப் பதிலும் வாங்கின.

அது ஏன் இரவில் வராமல் காலையில் வந்தது? லூசிட் ட்ரீம் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் வருவது, அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் தூக்கம். தூங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அது முதலில் எட்டிப்பார்க்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. விடியலை நெருங்க நெருங்க அது நீளும். அதனால் இரவு படுத்தவுடன் கதையிலிருந்து நேராகக் கனவுக்குள் நுழையப் போராடுவது வீண், தூக்கம் கெடுவதுதான் மிச்சம். இரவுக் கதை தூங்குவதற்காக மட்டும் இருக்கட்டும்.

முயற்சி செய்ய ஆசையாக இருந்தால், விடிகாலையில் தானாக விழிப்பு வரும் நாளில் செய்யுங்கள். மறுநாள் லீவாக இருந்தால் இன்னும் நல்லது. போனைத் தொடாதீர்கள். கண்ணை மூடி, ‘அடுத்து வருவது கனவு, அது எனக்குத் தெரியும்’ என்று ஒருமுறை உண்மையாகவே நினைத்துக்கொண்டு அந்த ஓட்டு வீட்டுக் கதையை எடுங்கள். கதை தானாக நகர ஆரம்பித்த நொடியில் அடுத்த வரியை நீங்கள் யோசிக்கக் கூடாது, இதுதான் முக்கியம். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி வருவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். இழுத்துப் பிடித்தால் விழித்துவிடுவீர்கள், முழுக்க விட்டுவிட்டால் சாதாரணக் கனவாகிவிடும். அதனால் அந்த வீட்டில் ஏதாவது ஒன்றை, கதவின் தாழ்ப்பாளையோ தரையின் குளிர்ச்சியையோ, லேசாகக் கவனித்துக்கொண்டிருங்கள். உள்ளே போய்விட்டோம் என்று தெரிந்ததும் வருகிற சந்தோஷமே பலரை எழுப்பிவிடும். அப்போது கனவுக்குள்ளேயே இரண்டு கைகளையும் தேய்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் பழகியவர்கள். பல நாள் ஒன்றுமே நடக்காது, பரவாயில்லை, தூங்கிவிடுங்கள்.

அப்புறம் அமுக்குவான். ரெம் நேரத்தில், கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் மனம் விழித்த பிறகும் அந்தத் தளர்ச்சி சில நொடிகள், சில நேரம் ஓரிரு நிமிடங்கள் தொடரும், கனவும் முழுசாகக் கலைந்திருக்காது. மார்புத் தசையும் தளர்ந்திருப்பதால் நினைத்த மாதிரி மூச்சை இழுக்க முடியாது, அதுதான் அந்தப் பாரம். நெஞ்சுக்குக் கீழே மூச்சை நடத்தும் தசையான உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், மூச்சு நிற்காது. திமிறி எழப் பார்க்காமல் ஒரே ஒரு விரலை அசைக்க முயலுங்கள். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் குறைந்தவர்களுக்கும் இது அதிகம், எனவே ஒருக்களித்துப் படுங்கள். பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அனுபவத்தை அவர் சரியாகத்தான் சொல்கிறார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஒரு கிழவி வந்து உட்காருவதாகச் சொல்வார்கள், ஜப்பானில் கனஷிபாரி என்பார்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது என்றால், போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்காலோ தாடையோ சட்டென்று தளர்ந்தாலோ. தூங்கியவுடனே ரெம் வந்துவிடும் நார்கோலெப்சி என்ற நோயின் அறிகுறிகள் அவை, மருந்து இருக்கிறது. நிஜம் எது கனவு எது என்று பகலில் குழம்பினாலும், மனநலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலும், இந்த முயற்சியை நிறுத்திவிட்டு முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை. கதை ஓட்டுவதில் தினமும் எவ்வளவு நேரம் போகிறது என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால் கதையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.