அமெரிக்க அரசுப் பள்ளியில் சாமி கும்பிடலாமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: மகன் திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்குப் போகலாமா சார்?

பதில்: தாராளமாக. ஆனால் அது அரசுப் பள்ளிதானா என்று முதலில் பாருங்கள். மத சுதந்திரம் தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 1791-இல் வந்த முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் பள்ளியை அல்ல.

கேள்வி: 1962-லிருந்து பள்ளியில் பிரார்த்தனைக்கே தடையாமே?

பதில்: இல்லவே இல்லை. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையை எழுதி, தினமும் வகுப்பில் சொல்லப் பரிந்துரைத்தது. விருப்பமில்லாத பிள்ளை சும்மா இருக்கலாம், வெளியேயும் போகலாம். அப்படியிருந்தும் 1962-இல், இதை எதிர்த்து வந்த எங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பிரார்த்தனை எழுதித் தருவது அரசின் வேலை அல்ல, அவ்வளவுதான். பரீட்சைக்கு முன் உங்கள் பெண் ‘முருகா’ என்று சொல்லிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

கேள்வி: மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ‘மதில்’ என்கிறார்களே, அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

பதில்: அதில் இல்லை. 1802-இல் அதிபர் ஜெஃபர்சன், டான்பரி ஊரின் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

கேள்வி: ஹெச்1பி வேலை விசா புதுப்பிக்க எவ்வளவு நாளாகும்?

பதில்: என் துறை அல்ல. குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: பள்ளியில் பிரார்த்தனை தடைதானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மாணவர் தானாகச் செய்யலாம், பள்ளி செய்விக்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் அரசுப் பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் உச்ச நீதிமன்றத்தில் எப்படி ஜெயித்தார்?

பதில்: ஆட்டம் முடிந்ததும் அவர் மைதானத்தின் நடுவே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். அது அவருடைய சொந்த வழிபாடு என்று ஆறு நீதிபதிகள் ஏற்றார்கள், மூவர் மறுத்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நிற்கும் படங்களை மறுத்த மூவரில் ஒருவரான நீதிபதி சோட்டோமேயர் தன் மாறுபட்ட தீர்ப்பிலேயே சேர்த்திருக்கிறார். அவற்றைப் பாருங்கள்.

கேள்வி: அவர் யாரையும் கூப்பிடவில்லையே சார்? பயிற்சியாளரானால் பக்தி இருக்கக் கூடாதா?

பதில்: இருக்கட்டும், அதை மதிக்கிறேன். ஆனால் அடுத்த ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்பவர் அவர். பதினைந்து வயதுப் பையனுக்கு அவர் கூப்பிடவே வேண்டாம், தானாகப் போய் நிற்பான்.

கேள்வி: இந்தத் தீர்ப்பால் நமக்கும் லாபம்தானே? நம் ஆசிரியர்களும் கும்பிடலாமே?

பதில்: கும்பிடலாம், தனக்காக மட்டும். எந்த ஊரிலும் பெரும்பான்மையின் பிரார்த்தனைதான் சத்தமாகக் கேட்கும். அதனால்தான் விடாமல் சொல்கிறேன்: ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பிரார்த்தனையில் சேரச் சொன்னால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தேதி போட்டு முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.