குறி தப்பாத குண்டு

அன்புள்ள ஐயா,

நகரப் போர்களில் குண்டுவீச்சு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டும் குண்டுகள் குறி தப்புவது அபூர்வம். எல்லா ராணுவங்களும் அவற்றுக்கு மாறிவிட்டால் பொதுமக்கள் சாவது குறைந்துவிடாதா? அப்புறம், நகரங்களில் வெடி ஆயுதப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொல்லும் 2022 டப்ளின் பிரகடனம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாதாம். அதனால் என்ன பயன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

2017 மார்ச் 17 அன்று ஈராக்கின் மோசூல் நகரின் அல்-ஜதீதா பகுதியில், ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து சுட்டுக்கொண்டிருந்த ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் இரண்டு ஸ்னைப்பர்களை (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள்) கொல்ல அமெரிக்க விமானம் குண்டு போட்டது. வழிகாட்டி பொருத்திய 500 பவுண்டு குண்டு. குறி தப்பவில்லை. ஆனால் கட்டடம் சரிந்து, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஐஎஸ் அங்கே வைத்திருந்த வெடிமருந்தால்தான் அது சரிந்தது என்றது அமெரிக்க ராணுவத்தின் விசாரணை. அந்தப் பகுதி மக்கள் அதை மறுத்தார்கள். எது உண்மையானாலும், உள்ளே அத்தனை பேர் இருந்தது தங்களுக்குத் தெரியாது என்று ராணுவமே ஒப்புக்கொண்டது. கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், இரண்டு பேருக்காக அவ்வளவு பெரிய குண்டைத் தேர்ந்தெடுத்ததைத்தான் நான் முதல் தவறாகப் பார்க்கிறேன்.

குண்டு எங்கே விழும் என்பதை மட்டுமே வழிகாட்டும் கருவி தீர்மானிக்கிறது. அதிர்வலை எவ்வளவு தூரம் போகும், சிதறல்கள் யார்மேல் பாயும் என்பதெல்லாம் குண்டின் அளவைப் பொறுத்தது. இதுவரை சொன்னது குறி பார்த்துப் போடும் குண்டின் கதை. குறி பார்க்காமல் ஒரு பரப்பையே தாக்கும் ஆயுதங்களும் உண்டு. கிராட் ராக்கெட் வண்டி சுமார் 20 நொடிகளில் 40 ராக்கெட்டுகளை ஒரு பரப்பின் மேல் கொட்டும். திறந்தவெளியில் பரவி நிற்கும் படைகளுக்காகச் செய்யப்பட்ட ஆயுதம் அது. அதைக் குடியிருப்புகள் மேல் ஏவிவிட்டு, ராணுவ இலக்கைத்தான் தாக்கினோம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் வெடி ஆயுதங்களால் கொல்லப்படுபவர்கள், காயப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பொதுமக்கள் என்பது பல ஆண்டுகளாகப் பதிவாகிவரும் கணக்கு.

குண்டு விழுந்த இடத்தோடு சேதம் நிற்பதும் இல்லை. துணை மின்நிலையம் சேதமானால் தண்ணீர் பம்ப் நிற்கும். கழிவுநீர் குழாய் உடைந்து குடிநீரில் கலக்கும், வயிற்றுப்போக்கு பரவும். அதற்குச் சிகிச்சை தரவேண்டிய மருத்துவமனையில் மின்சாரம் இருக்காது. வாரங்கள் கழித்து அப்படிச் சாகும் குழந்தை எந்தத் தாக்குதலின் கணக்கிலும் பெரும்பாலும் சேர்வதில்லை.

பிரகடனம் பற்றி. கண்மூடித்தனமான தாக்குதலை ஜெனீவா போர்ச்சட்ட ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. டப்ளினில் கேட்டது வேறு: நகரங்களில் இந்த ஆயுதங்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள் அல்லது தவிருங்கள், நான் மேலே சொன்ன தொடர் பாதிப்புகளையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. அமெரிக்காவும் அதில் உண்டு. ரஷ்யா, இஸ்ரேல், இந்தியா இல்லை.

சட்டமாக இல்லாத உத்தரவுக்கும் பலன் உண்டு. ஆப்கானிஸ்தானில் 2009 ஜூலையில், குடியிருப்புகள்மீது வான்தாக்குதலைக் கட்டுப்படுத்தும்படி நேட்டோ தளபதி உத்தரவிட்டார். அந்த ஆண்டு அரசுத் தரப்புப் படைகளால் (நேட்டோ படைகளும் இதில் அடக்கம்) இறந்த பொதுமக்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் குறைந்ததாக ஐநா பதிவு செய்தது. அதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம்.

ஆகவே பிரகடனத்தை ஏற்ற ஒவ்வொரு நாட்டிடமும் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: உங்கள் ராணுவக் கையேட்டில் எந்தப் பக்கத்தை மாற்றினீர்கள்?