யெல்லோஸ்டோன் பயணத்துக்கு ஆர்.வி. வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: டல்லாஸ் அருகே ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். நான் எச்-1பி விசாவில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். ஆண்டு வருமானம் 1,65,000 டாலர். மனைவி வேலைக்குச் செல்லவில்லை. மகள் நான்காம் வகுப்பிலும் மகன் ஒன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். வங்கியில் 42,000 டாலர் சேமிப்பு உள்ளது. மாதச் செலவு ஏறத்தாழ 7,000 டாலர். வீட்டுக் கடனுக்கு ஆண்டு வட்டி 14,500 டாலரும் சொத்து வரி 9,000 டாலரும் செலுத்துகிறோம். வரும் ஜூலையில் கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் ஆகிய தேசியப் பூங்காக்களை ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) 12 இரவுகள் தங்கிப் பார்க்க விரும்புகிறோம். 25 அடி நீளமுள்ள புதிய கிளாஸ் சி (நடுத்தர அளவு) வண்டி ஒன்று 95,000 டாலருக்குக் கிடைக்கிறது. 20 சதவீதம் முன்பணம் போக, மீதிக்கு 8.5 சதவீத வட்டியில் 15 ஆண்டுக் கடன்; மாதத் தவணை 750 டாலர்கூட வராது. வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்றும், சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விட்டால் வண்டியே தன் கடனை அடைத்துக்கொள்ளும் என்றும் விற்பனையாளர் சொல்கிறார். முன்பணத்தை 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடனாக எடுக்க எண்ணுகிறேன். டல்லாஸிலேயே வாடகைக்கு எடுத்தால் இரவுக்கு 225 டாலர் வீதம் 2,700 டாலர் ஆகும். வாடகைப் பணம் திரும்பி வராது என்பதால் வாங்கிவிடுவதே மேல் எனத் தோன்றுகிறது. என் கணக்கு சரியா?

பதில்: வாங்க வேண்டாம். வாடகைக்கே எடுங்கள், ஆனால் அதையும் டல்லாஸில் எடுக்காதீர்கள்.

வாடகைப் பணம் திரும்பி வராது என்பது உண்மைதான். வாங்கினால் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் அதே கண்டிப்போடு பார்த்துவிடலாம். முன்பணம் 19,000 டாலர். டெக்சஸ் மாநிலத்தின் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம் என்பதால் அதற்கு ஏறத்தாழ 5,940 டாலர். 76,000 டாலர் கடனுக்கு மாதத் தவணை 748 டாலர். ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கட்டியிருக்கும் 44,900 டாலரில் 29,000 டாலருக்கு மேல் வட்டியாகவே போயிருக்கும், கடன் பாக்கி இன்னும் 60,360 டாலர் நிற்கும். புதிய ஆர்.வி. ஐந்து ஆண்டுகளில் 40 சதவீத மதிப்பை இழப்பது மிகையான மதிப்பீடு அல்ல. அப்படியானால் வண்டி 57,000 டாலருக்கு விலைபோகும். அதாவது, வண்டியை விற்ற பிறகும் கடனை முடிக்க 3,360 டாலரைக் கையிலிருந்து போட வேண்டும்.

இதில் நிறுத்துமிடம் சேரவில்லை. உங்கள் பகுதியின் வீட்டு உரிமையாளர் சங்கங்களில் பெரும்பாலானவை ஆர்.வி.யை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்க அனுமதிப்பதில்லை. டெக்சஸின் ஆலங்கட்டி மழைக்குப் பயந்து கூரையுள்ள இடமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மாதம் 150 டாலர், காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், கூரை இணைப்புகளுக்குப் பசை பூசுதல், பேட்டரி, டயர் போன்ற பராமரிப்புக்கு 1,200 டாலர் என்று வைத்தால் ஐந்து ஆண்டுகளில் 22,500 டாலர். எல்லாவற்றையும் கூட்டினால் 95,700 டாலர் வருகிறது. வண்டியின் முழு விலையையும் கொடுத்துவிட்டு, கடைசியில் வண்டியும் கையில் இல்லாத நிலை இது. பெட்ரோலும் தங்குமிடக் கட்டணமும் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

விற்பனையாளர் சொன்ன வரிச்சலுகை பொய்யல்ல. உறங்கும் இடம், சமையல் வசதி, கழிப்பறை ஆகிய மூன்றும் உள்ள ஆர்.வி.யை இரண்டாவது வீடாகக் கருதி, அதன்மேல் வாங்கிய கடனின் வட்டியைக் கழித்துக்கொள்ள அமெரிக்க வருமான வரித்துறை அனுமதிக்கிறது. ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் 2026 வரியாண்டுக்கான நிலைக்கழிவு (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமலே கிடைக்கும் கழிவு) 32,200 டாலர். உங்கள் வீட்டு வட்டியும் சொத்து வரியும் சேர்ந்து 23,500 டாலர், ஆர்.வி.யின் முதலாண்டு வட்டி ஏறத்தாழ 6,400 டாலரைச் சேர்த்தாலும் 29,900 டாலரைத்தான் தொடுகிறது. வாங்கும் ஆண்டில் மட்டும் வண்டிக்குக் கட்டும் விற்பனை வரியையும் கழிவில் சேர்த்தால் நிலைக்கழிவைச் சற்றுத் தாண்டலாம்; அடுத்த ஆண்டுகளில், பெரிய நன்கொடை போன்ற வேறு கழிவு இல்லாதவரை, நிலைக்கழிவே பெரும்பாலும் உங்களுக்கு லாபம். ஆகவே இந்தச் சலுகையால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. உங்கள் வரிக் கணக்கைப் பார்க்காமலேயே இதைச் சொல்லி வண்டி விற்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம்.

வாடகைக்கு விடும் யோசனை உங்களைப் பொறுத்தவரை அதைவிட ஆபத்தானது. எச்-1பி விசாவில் இருப்பவர் தமக்கு அனுமதி பெற்றுத் தந்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வண்டியை விளம்பரப்படுத்துவது, சாவி கொடுப்பது, திரும்பி வந்ததும் கழுவி அடுத்தவருக்குத் தயாராக்குவது என்று நீங்களே இறங்கிச் செய்தால் அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்துபூர்வமாகக் கருத்துப் பெறாமல் இதில் கைவைக்காதீர்கள். மேலும், சொந்த உபயோகத்துக்கு எடுத்த ஆர்.வி. காப்பீடு பெரும்பாலும் வண்டி வாடகையில் இருக்கும்போது நேரும் விபத்தை ஏற்பதில்லை.

401(கே) கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19,000 டாலர் என்பது சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கலாம். வட்டியும் உங்கள் கணக்குக்கே திரும்பும். சிக்கல் வேலையோடு சேர்ந்து வருகிறது. வேலை போனால், மீதிக் கடனை அந்த ஆண்டுக்குரிய வரித் தாக்கல் கெடுவுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரியும், 59½ வயதுக்குக் குறைந்தவர் என்பதால் 10 சதவீதக் கூடுதல் வரியும் விழும். அதே சமயத்தில், வேறு நிறுவனத்தில் சேரவோ நாட்டை விட்டுப் புறப்படவோ உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாட்கள். அந்த 60 நாட்களில் வீட்டைக் கவனிப்பீர்களா, கடனைவிடக் குறைந்த விலைக்குப் போகும் ஆர்.வி.யை விற்க ஆள் தேடுவீர்களா? ஒற்றை வருமானக் குடும்பத்துக்கு, அதுவும் விசாவில் இருப்பவர்களுக்கு, ஆறு மாதச் செலவுப் பணம் குறைந்தபட்சத் தேவை. உங்கள் 42,000 டாலர் சரியாக ஆறு மாதத்துக்குத்தான் காணும். அதைத் தொடக் கூடாது.

இனி வாடகை. உங்களிடம் சொல்லப்பட்ட 2,700 டாலர் வண்டி நிற்பதற்கான விலை மட்டுமே. வண்டி ஓடினால் வேறு கணக்கு. பல நிறுவனங்கள் மைலுக்கு இத்தனை சென்ட் என்று தனியே வாங்குகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் அது 45 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். டல்லாஸிலிருந்து யெல்லோஸ்டோன் போய்வர மட்டும் 2,600 மைலுக்குக் குறையாது. மைல் கட்டணம் 1,170 டாலர். இந்த அளவு வண்டி ஒரு காலனுக்கு ஒன்பது மைல்தான் தரும் என்பதால் காலன் 3.50 டாலர் விலையில் பெட்ரோலுக்கு இன்னொரு 1,010 டாலர். நெடுஞ்சாலையிலேயே கழியும் நான்கைந்து நாட்களுக்கும் இரவு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். சமவெளியைக் கடப்பதற்கே 3,000 டாலருக்கு மேல் போய்விடும். நான்கு பேரும் சால்ட் லேக் சிட்டிக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுத்தால், டிக்கெட் தலைக்கு 300 டாலர் என்றாலும் 1,200 டாலரோடு முடிகிறது.

கிளேசியரை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில், அதாவது அவலாஞ்ச் கிரீக்கிலிருந்து ரைசிங் சன் வரை, 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 25 அடி வண்டிக்கு வாடகையும் கொடுத்து, அதை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தச் சாலைக்காக இன்னொரு கார் எடுப்பது வீண் செலவு. கிராண்ட் டீட்டனும் யெல்லோஸ்டோனும் அடுத்தடுத்து இருப்பவை. பத்து இரவுகளுக்கு இரண்டும் தாராளமாகப் போதும்.

சால்ட் லேக் சிட்டியில் தொடங்கி அங்கேயே முடிக்கும் சுற்று, பூங்காவுக்குள் அலைவதையும் சேர்த்து ஏறத்தாழ 1,100 மைல். பத்து இரவு வாடகை 2,250, மைல் கட்டணம் 495, பெட்ரோல் 430, தங்குமிடங்கள் சராசரி 70 டாலர் வீதம் 700, சேதப் பாதுகாப்பு 300, படுக்கை விரிப்பு, பாத்திரங்கள், தயாரிப்புக் கட்டணம் என்று 300, வரிகள் 300. மொத்தம் 4,800 டாலருக்குச் சற்றுக் குறைவு, விமானத்தோடு 6,000. இதே பயணத்தை வாடகை எஸ்.யூ.வி.யில் போய், ஜூலை மாத விலையில் இரவுக்கு 300 டாலர் கொடுத்து லாட்ஜில் தங்கி, வெளியே சாப்பிட்டால் அதுவும் ஏறத்தாழ இதே அளவுக்கே வரும். ஆகவே மலிவு என்ற எண்ணத்தில் ஆர்.வி.யைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பூங்காவுக்குள்ளேயே கண்விழிப்பதும், குழந்தைகளுக்கு வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடு கிடைப்பதும் உங்களுக்குப் பெரிதென்றால் எடுங்கள்.

சாப்பாடு என்றதும் ஒரு நடைமுறைக் குறிப்பு. யெல்லோஸ்டோன் ஏரிப் பகுதி 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். அடுப்பில் வைக்கும் குக்கரைக் கொண்டுபோங்கள். மின்சாரத்தில் இயங்கும் இன்ஸ்டன்ட் பாட் குக்கரை நம்ப வேண்டாம். அந்தப் பூங்காவில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உள்ள கேம்ப்கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் ஒன்றுதான், மற்ற இடங்களில் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும், அதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, வாடகை நிறுவனமும் மணிக்கணக்கில் கட்டணம் போடும். வண்டியின் புரொப்பேன் அடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். கார் வாடகைக்குக் கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு பொதுவாக ஆர்.வி.க்குப் பொருந்தாது, உங்கள் கார் காப்பீடும் பொருந்தும் என்று நிறுவனம் எழுதித் தந்தாலொழிய நம்ப வேண்டாம். வாடகை நிறுவனம் விற்கும் சேதப் பாதுகாப்பிலும் கூரைக்கு நேரும் சேதம் பெரும்பாலும் விலக்காக இருக்கும். பெட்ரோல் பங்க்கின் தாழ்ந்த கூரையில் இடித்துவிட்டால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். கிராண்ட் டீட்டன் அருகிலுள்ள ஜாக்சன் ஊருக்குப் போக வழிகாட்டிச் செயலி டீட்டன் பாஸ் என்ற மலைக்கணவாய் வழியைக் காட்டினால் அதை ஏற்காதீர்கள். 10 சதவீதச் சரிவு அது, புதிதாக ஆர்.வி. ஓட்டுபவர் பிரேக்கைச் சூடாக்கிக்கொள்ளும் இடம். லோகன், ஆஃப்டன், ஆல்பைன் வழியாகச் செல்லும் யு.எஸ்.-89 நெடுஞ்சாலை போதும்.

முன்பதிவில் வரிசை முக்கியம். முதலில் கேம்ப்சைட், அடுத்து வண்டி, கடைசியில் விமானம். ஆறு மாதம் முன்னதாகத் திறக்கும் இடங்களுக்கு ஜூலைத் தேதிகள் ஜனவரியிலேயே போய்விடும். இடம் கிடைக்காமல் வண்டிக்கு முன்பணம் கட்டினால் ரத்துக் கட்டணம்தான் மிஞ்சும். உங்கள் மகள் நான்காம் வகுப்பில் இருப்பதால் ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ திட்டத்தின் இலவச அனுமதிச் சீட்டு உண்டு. ஆகஸ்ட் 31 வரை செல்லும் அதைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோனால், இரண்டு பூங்காக்களிலும் வண்டிக்குத் தலா 35 டாலர் நுழைவுக் கட்டணம் மிச்சம். ஊரிலிருந்து பெற்றோரையும் அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்காவில் வசிக்காதவர்களிடம், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குத் தலா 100 டாலர் கூடுதல் கட்டணத்தை இவ்விரண்டு உட்பட 11 பூங்காக்கள் 2026 ஜனவரி முதல் வசூலிக்கின்றன.

இந்த 6,000 டாலரைச் சேமிப்பிலிருந்து எடுக்காமல், ஆர்.வி. தவணைக்கு ஒதுக்க நினைத்த 750 டாலரை இந்த மாதம் முதல் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். எட்டு மாதத்தில் தொகை சேர்ந்துவிடும்.

பயணம் முடிந்து, சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் இருந்தால், கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு நான்கைந்து ஆண்டுப் பழைய வண்டியாகப் பாருங்கள். பெரிய மதிப்பிழப்பை முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார். விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வாளரை வைத்துக் கூரையில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்; ஆறேழு ஆண்டுகளைக் கடந்திருந்தால், ரப்பர் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும், எல்லா டயர்களையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.