மானுடவியல் படித்தவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் என்ன வேலை? – கேள்வி பதில்

படித்தது மானுடவியல், பிழைப்பு, நிறுவனங்களின் உள்வேலை மென்பொருளுக்கு யூஎக்ஸ் ஆய்வு, அதாவது பயன்படுத்துபவருக்கு அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. சரக்கு, பில்லிங், கஸ்டமர் கேர் என்று ஊழியர்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற திரைகள்தான் என் களம். கேளுங்கள் என்றதும் வந்தவற்றில், ஒன்றையே பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: சார், மானுடவியல் என்றாலே பழங்குடி, எலும்புக்கூடு என்றுதான் நினைத்திருந்தேன். இது கம்பெனிகளுக்குள் எப்போது வந்தது?

பதில்: கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் நடந்த ஓர் ஆய்வுக்கு வழி சொன்னவர் மானுடவியலாளர் லாயிட் வார்னர். அதற்கு முன் வட ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோடு தங்கிக் களப்பணி செய்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்கு ஒயர் கட்டும் வேலையில் இருந்த 14 ஆண்களைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஓர் ஆய்வாளர் அங்கேயே உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்தார். கூடுதலாகச் செய்தால் கூடுதல் கூலி என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நியாயம் என்பது தொழிலாளர்களின் கணக்கு. தாண்டினவனுக்குக் கேலிப்பெயரும், புஜத்தில் ஒரு குத்தும் கிடைத்தன. ஒரு நாள் அதிகம் முடித்துவிட்டால் அதை அன்றைக்குக் காட்டாமல் அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பதும் நடந்தது.

உங்கள் டாஷ்போர்டில் ஒரு டீம் தினமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் டிக்கெட் (பதிவான புகார்கள்) மூடுகிறதா? மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் இந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் மெஷினில் பச்சை பட்டன் வைக்கச் சொன்னதே ஒரு மானுடவியலாளர் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இந்தக் கதை சாகவே மாட்டேன் என்கிறது. அதில் வருபவர் லூசி சச்மன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தவர். புதிதாக வந்த ஒரு பெரிய நகலெடுக்கும் இயந்திரம் கஷ்டமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். விளம்பரமோ பச்சை பட்டனை அழுத்தினால் போதும் என்றது. ஆக, பட்டன் ஏற்கனவே இருந்தது. அவர் வைக்கச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்த விளம்பரத்தின் வாக்குறுதியைத்தான் அவர் கேள்வி கேட்டார்.

அவர் செய்தது என்னவென்றால், இருவர் இருவராக மக்களை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தி, ஒரு வேலையைக் கொடுத்துப் படம் பிடித்தார். ஒரு பதிவில் நிற்பவர்களில் ஒருவர் செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஆலன் நியூவெல். இரு பக்கமும் நகலெடுப்பதற்குள் திணறிப்போகிறார்கள். பயனருக்கு அறிவு போதாது என்று சாக்குச் சொல்ல அதற்குப் பிறகு யாருக்கும் வாய் வரவில்லை.

ஏன் இருவர் என்பதைக் கவனியுங்கள். தனியாக நிற்பவரிடம் மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்றால் நாடகம்போல ஆகிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால், 'இப்ப என்ன கேக்குது இது?' என்று இயல்பாகவே பேசுவார்கள். இயந்திரத்துக்கு அந்தப் பேச்சு கேட்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்த பட்டன் அழுந்தியது, எந்த மூடி திறந்தது என்பவைதாம். அதை வைத்து இந்த ஆள் இந்தத் திட்டத்தோடுதான் வந்திருக்கிறார் என்று ஊகித்து அடுத்த குறிப்பைக் காட்டும். மனிதர்களோ திட்டத்தைப் பாதியில் கைவிட்டு, எதிரே நடப்பதைப் பார்த்து அடுத்த அடி வைப்பவர்கள். 1987இல் வந்த சச்மனுடைய நூலின் சாரம் இதுதான். இன்றைய சாட்பாட்களும் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: அண்ணா, நான் பிசினஸ் அனலிஸ்ட். மீட்டிங் போட்டு ரிக்கொயர்மென்ட் (மென்பொருள்ல என்னென்ன வேணும்ங்கிற பட்டியல்) வாங்கி, சைன்-ஆஃப்பும் வாங்கிடறோம். கடைசியில் டெஸ்டிங் அன்னிக்கு வந்து 'நாங்க கேட்டது இது இல்ல'ங்கிறாங்க. என்னதான் பண்றது?

பதில்: அந்த மீட்டிங்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தம்பி? மேனேஜர்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எப்படி நடக்கிறது என்பது கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் பாதிதான் வரும். பொய் சொல்வார் என்பதில்லை, கைப்பழக்கமாகிப்போனதை வாய்விட்டுச் சொல்ல வராது.

எனவே அவர் இடத்துக்குப் போய் உட்காருங்கள். பேயர், ஹோல்ட்ஸ்பிளாட் என்ற இருவர் வகுத்த முறையில் நீங்கள் தொழில் பழக வந்த சிஷ்யர், அவர்தான் குரு. 'வழக்கமா எப்படிச் செய்வீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள், கையேட்டில் உள்ளதையே ஒப்பிப்பார். 'நேத்து கடைசியா வந்த ரிட்டர்ன் எது? அதை எப்படிப் போட்டீங்க, செஞ்சு காட்டுங்களேன்' என்று கேளுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு, இழுப்பறையில் உள்ள நோட்டு, அவர் தனக்கென்று வைத்திருக்கும் எக்செல், சந்தேகம் வந்தால் அவர் போன் போடும் ஆள் – இவை நான்கையும் குறித்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்தான ஆவணத்தில் இல்லாத ரிக்கொயர்மென்ட் அங்கேதான் கிடக்கிறது.

கேள்வி: எங்க ப்ராஜெக்ட்டில் கள ஆய்வுக்கு இரண்டே நாள்தான் தருவார்கள். ஐந்து பேரைப் பார்த்தால் போதும் என்று ஒரு விதி இருக்கிறதே?

பதில்: மென்பொருள் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் பிரபலமாக்கிய கணக்கு. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்தால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஒரே மாதிரிப் பயனர்கள், ஒரே திரை என்றால் சரி. ஒரு துறையின் வேலையையே புரிந்துகொள்ள அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு நாள்தான் என்றால் மாதக் கடைசியில் ஒன்று, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒன்று. சாவகாசமான செவ்வாய்க்கிழமை மதியம் போனால் காபி நன்றாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: குடோனில் காகிதமே இருக்கக் கூடாது என்கிறார் எங்கள் எம்.டி. ஆட்கள் டேப்லெட்டும் வைத்துக்கொண்டு, பிரின்ட்டும் எடுக்கிறார்கள்.

பதில்: லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் லண்டன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்ததை 1992இல் எழுதினார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை, வரிசையாகச் சட்டத்தில் நிற்கும். அதில் பேனாவால் திருத்துவார்கள். கவனம் தேவைப்படும் விமானத்தின் பட்டையைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சாய்த்துவைப்பார்கள். பக்கத்தில் வருபவர் ஒரு பார்வையிலேயே இங்கே நெருக்கடி என்று தெரிந்துகொள்வார். தகவலைத் திரைக்கு மாற்றுவது சுலபம், அந்த இழுத்துவைத்தலை மாற்றுவதுதான் கஷ்டம். உங்கள் ஆட்கள் பிரின்ட்டில் டிக் அடிக்கிறார்களா, மடிக்கிறார்களா, அடுத்த ஷிஃப்ட்டுக்காக எங்காவது சொருகுகிறார்களா என்று பாருங்கள். அதற்குத் திரையில் இடம் வைத்த பிறகு பிரின்டரை எடுக்கலாம்.

கேள்வி: சார், நான் பார்த்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினால் அந்த ஊழியருக்குச் சிக்கல் வராதா? ஒருவர் பாஸ்வேர்டை மூன்று பேர் பயன்படுத்துவதைப் பார்த்தேன்.

பதில்: வரும். இந்தத் துறையில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. களத்துக்குப் போகும் முன்பே மேலிடத்தோடு எழுத்தில் பேசிவிடுங்கள்: பெயர் தர மாட்டேன், பதிவுகள் என்னோடு, இதை வைத்து யார்மீதும் நடவடிக்கை கூடாது. ஒப்பவில்லையென்றால் போகாதீர்கள். மூன்று பேர் உள்ள கவுண்டரில் பெயரை மறைத்து ஒரு பயனும் இல்லை. பல கிளைகளில் பார்த்ததைச் சேர்த்து எழுதுங்கள். பாஸ்வேர்டு விஷயத்தில் எழுத வேண்டியது, புது ஆளுக்கு லாகின் கிடைக்க எத்தனை நாள் ஆகிறது என்பது. வரைவை முதலில் அந்த ஊழியர்களிடம் காட்டுங்கள்.

பெயர் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஜெராக்ஸின் பழுது நீக்கும் தொழில்நுட்பர்களோடு சுற்றினார் ஜூலியன் ஓர் (Orr) என்ற மானுடவியலாளர், அவரே முன்பு தொழில்நுட்பராக இருந்தவர். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்தார்கள். 1990களில் அந்தக் குறிப்புகளைச் சேகரிக்க யுரேகா என்ற தளம் வந்தது. குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் தரும் யோசனை தொழில்நுட்பர்களுக்குப் பிடிக்கவில்லை. எழுதியவர் பெயர் குறிப்போடு நிற்கட்டும் என்றார்கள்.

கேள்வி: எம்.ஏ. மானுடவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். கோடிங் தெரியாது. வேலை கிடைக்குமா?

பதில்: கோடிங் கட்டாயமில்லை. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரு திரையை வரைந்து காட்டவும், டேட்டாபேஸ் என்றால் என்ன என்று பேசவும் தெரிந்தால் டெவலப்பர்கள் மதிப்பார்கள். போர்ட்ஃபோலியோவுக்குக் கற்பனை ஆப் வேண்டாம், ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையிலோ பார்சல் ஆபீசிலோ அனுமதி வாங்கி சில நாள் உட்காருங்கள். பில்லிங் திரை ஒரு பக்கம், உண்மையில் நடப்பது மறுபக்கம் என்று படங்களோடு நான்கு பக்கம் எழுதுங்கள். ஆய்வேட்டு நடை வேண்டாம். முதல் பக்கத்திலேயே எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மேனேஜர்கள் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவது அபூர்வம்.