பக்கெட் வெல்டிங்கில் விரிசல்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பர்கூர் பகுதிக் கருங்கல் குவாரிகளில் எனது ஒரே ஜேசிபியை நானே ஓட்டி வாடகை வேலை செய்கிறேன். தேய்ந்த பக்கெட்டின் வாய் விளிம்பிலும் பற்களிலும் ஒரு பட்டறையில் ஹார்ட்ஃபேசிங் (தேய்மானம் தாங்கும் கடின உலோகத்தை வெல்டிங்கில் பூச்சாக ஏற்றுவது) வைத்தேன். ஆறியதுமே வெல்டிங் வரிகளின் குறுக்கே மெல்லிய கீறல்கள் விழுந்தன. “அது அப்படித்தான் இருக்கும்” என்கிறார் பட்டறைக்காரர். சில வாரங்களில் மூலையில் ஒரு பகுதி பாளமாகவே கழன்றுவிட்டது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: கீறலைப் பற்றி அவர் சொன்னது சரி, கழன்றதற்கு அந்தப் பதில் பொருந்தாது. இவ்வேலைக்குப் பெரும்பாலும் பயன்படும் குரோமியம் கார்பைடு வெல்டிங் ராடு வைக்கும் பூச்சு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 55 முதல் 60 வரை கடினமானது என்பதால், ஆறிச் சுருங்கும்போது நெகிழ்ந்து கொடுக்க முடியாமல் வரியின் குறுக்கே வெடிப்பது அதன் இயல்பு. அக்கீறல் பக்கெட்டின் இரும்புக்குள் இறங்கினாலோ, வரியின் ஓரமாக நீளவாக்கில் ஓடினாலோதான் குறை. பாளமாகக் கழல்வதற்கோ, பழைய பூச்சையும் துருவையும் கிரைண்டரால் நீக்காதது, முன்சூடு கொடுக்காதது, இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் ஏற்றியது ஆகியவையே வழக்கமான காரணங்கள். கழன்ற பாளத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதன் அடிப்பக்கத்தில் பழைய துருவும் கசடும் அப்படியே ஒட்டியிருந்தால், சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைத்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கருங்கல்லில் மோதும் பல்முனையில் இப்பூச்சு சில்லு சில்லாகப் பெயரும் என்பதால், பற்களைப் புதிதாக மாற்றிவிட்டு, உராய்வு மட்டும் படும் பக்கவாட்டுக்குப் பூச்சு வைப்பதே என் கணக்கில் லாபம்.

முதலில் பில், படங்களுடன் எழுத்துமூலம் பட்டறையிடம் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை என்று அச்சட்டமே விளக்குவதால், வண்டியை நீங்களே ஓட்டுவதற்கான ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: கிரஷரில் கல்லை நசுக்கும் தேய்ந்த ஜா பிளேட்டிலும் இதே முறையில் பூச்சு ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், முறை நேர்மாறானது. தேயாத பின்பக்கத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் மாங்கனீசு எஃகு. அதற்கு முன்சூடு கூடாது. வெல்டிங்கின்போது சுற்றுப்பகுதி ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பிளேட் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். சிறு சிறு வரியாக, இடம் மாற்றி, ஆறவிட்டு வைப்பதாகப் பட்டறையில் ஒப்புக்கொண்ட பிறகே பிளேட்டை இறக்குங்கள்.