மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகட்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூர் பக்கம் ஜோகுபாளையாவில் இருக்கிறோம். மகளுக்கு 13 முடிந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு. பள்ளி இந்திராநகரில், 100 அடி ரோட்டைத் தாண்டி எச்.ஏ.எல். இரண்டாம் ஸ்டேஜில், மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வேன் நேரத்துக்கு வருவதில்லை, சைக்கிளில் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பா கூடவே கூடாது என்கிறார். விடலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: விடலாம், ஆனால் வருகிற திங்கட்கிழமையே வேண்டாம். மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரத்தை அந்த வயதுப் பிள்ளை 15 முதல் 20 நிமிடத்தில் ஓட்டிவிடும். ஊரில் தாத்தா ஐந்து மைல் மிதித்துப் படித்தார் என்ற கதையை ஒதுக்கிவையுங்கள். அவர் போன சாலையில் வால்வோ பஸ் ஓடவில்லை. நீங்கள் ஆராய வேண்டியது வழியைத்தான். அப்பா மூன்று கிலோமீட்டர் முழுக்கப் பயப்படுகிறார்; நிஜமாகப் பயப்பட வேண்டிய இடங்கள் அதில் நாலைந்துதான் இருக்கும். அங்கெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சம்மதமா என்று மகளிடம் முதலில் கேளுங்கள். தோழிகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று முகம் சுளித்தால், பேச்சு அத்தோடு நிற்கட்டும்.

மொபைல் காட்டும் வழி காருக்கானது. அது சி.எம்.எச். ரோட்டில் கொண்டுபோய் விடும். மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கும் சாலை. தூணுக்கு மறுபுறம் திரும்பக் காத்திருக்கும் ஆட்டோ இவள் கண்ணில் படாது, ஆட்டோக்காரர் கண்ணில் இவளும் படமாட்டாள். அரை கிலோமீட்டர் கூடினாலும் உட்தெருக்களிலேயே போகும் வழியைத் தேடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதில் நடந்தே போய் வாருங்கள். பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை, கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளும் மழைநீர் வடிகால் மூடி (டயர் அதற்குள் இறங்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பாள்), நாய்கள் படுக்கும் முனை, ஒருவழித் தெருவில் எதிரே வரும் டெலிவரி ஸ்கூட்டர் எல்லாவற்றையும் அவளே ஒரு தாளில் குறிக்கட்டும். நீங்கள் குறித்துக் கொடுத்தால் மனதில் நிற்காது. அதே வழியை ஒரு வேலை நாள் காலை எட்டு மணிக்கும் பாருங்கள். இடையில் இன்னொரு பள்ளியின் வாசல் வந்தால், பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்கள் இருபக்கமும் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். அந்தத் தெருவை விட்டு அடுத்த தெருவைப் பிடியுங்கள்.

எந்த வழியானாலும் 100 அடி ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். சிக்னல் உள்ள இடத்தில், இறங்கி, ஜீப்ரா கோட்டில் நடப்பவர்களோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று கணக்குப் போடும் திறமை 14 வயது வாக்கில்தான் முதிர்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இது பொருந்தும். வலதுபக்கம் திரும்ப வேண்டிய பெரிய சந்திப்பிலும் இதே முறைதான்: நேரே கடந்து, ஓரத்தில் நின்று, அங்கிருந்து மறுபடி கடப்பது. மொத்தம் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சைக்கிள் தெரியும் என்பதும் சாலையில் ஓட்டத் தெரியும் என்பதும் வேறு வேறு. ஒரு சோதனை வையுங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ மைதானத்திலோ சாக்பீஸால் 20 மீட்டருக்கு நேர்கோடு போடுங்கள். அவள் கோட்டின் மேல் ஓட்டட்டும். நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும்; சைக்கிள் கோட்டை விட்டு ஒரு அடிக்கு மேல் விலகக் கூடாது. முதல் நாள் எல்லாப் பிள்ளையும் தோற்கும்: தலை திரும்பும் பக்கமே கையும் ஹேண்டில்பாரை இழுத்துவிடும். நிறுத்தியிருக்கும் காரைச் சுற்றிப் போகும்போது இதுதான் பின்னால் வரும் ஸ்கூட்டருக்குக் குறுக்கே கொண்டுபோய் விடுகிறது. பத்துக்குப் பத்து சரியாக வரும்வரை பழகட்டும். அப்புறம் வலது கையை நீட்டிக்கொண்டே அதே கோட்டில் ஓட்டட்டும்.

சாலையில் எங்கே ஓட்டுவது? “ஓரமாப் போ” என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறோம். அது பாதிதான் சரி. ஒட்டிய ஓரத்தில்தான் மணல், வடிகால் மூடி, திடீரென்று திறக்கும் கார்க் கதவு எல்லாம். நிறுத்திய கார்களிலிருந்து கை நீட்டினாலும் தொட முடியாத தூரம், ஏறக்குறைய ஒரு மீட்டர், விட்டுப் போக வேண்டும். கார்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நுழைந்து நுழைந்து வெளிவரக் கூடாது. நிறுத்தத்தில் நிற்கும் பி.எம்.டி.சி. நகரப் பஸ்ஸின் இடதுபக்கம் புகவே கூடாது. பின்னால் காத்திருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட சாலைகளில் விளிம்பு இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். அதில் சாய்வாக ஏறினால் முன் டயர் வழுக்கும். கொஞ்சம் விலகி வந்து நேராக ஏறச் சொல்லுங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். கியரும் முன் சஸ்பென்ஷனும் பார்க்க ஜோர். உங்கள் வழிக்குத் தேவை மட்கார்டு, கேரியர், முழு செயின் கவர். சைக்கிளின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். “வளர்ற பிள்ளை” என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் அவசரத்தில் கால் ஊன்ற முடியாது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிரேக்கை முழு பலத்தில் பிடித்தாலும் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். விரல் எட்டாவிட்டால் பெரும்பாலான லீவர்களில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் கைப்பக்கம் வரும். கடைக்காரர் தானாகச் செய்துதர மாட்டார், கேளுங்கள்.

சீருடை சல்வார் என்றால் துப்பட்டாதான் பெரிய எதிரி. பின் சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும். பள்ளி போய்ச் சேரும்வரை அது பைக்குள் இருக்கட்டும். பையின் தொங்கும் பட்டையும் ஷூ லேஸும் இதே வேலையைச் செய்யும். பை முதுகில் கனத்தால் திரும்பிப் பார்க்கும்போது ஆளே சாயும். கேரியரில் இரண்டு எலாஸ்டிக் கயிற்றைக் குறுக்காகப் போட்டுக் கட்டுங்கள்.

ஹெல்மெட் சட்டப்படி சைக்கிளுக்குக் கட்டாயமில்லை. உங்கள் வீட்டில் கட்டாயமாக இருக்கட்டும். ஸ்கூட்டர் ஹெல்மெட் வேண்டாம், கனமும் புழுக்கமும் தாங்காமல் இரண்டாம் நாளே கழற்றிவிடுவாள். சைக்கிள் ஹெல்மெட்டில் இ.என். 1078 (EN 1078) என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், வார்கள் காதுக்குக் கீழே ‘வி’ போலக் கூட வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். உயரத்தில் போட்ட குதிரைவால் ஹெல்மெட்டை நெற்றிக்குத் தள்ளும். தாழப் பின்னிய ஒற்றைச் சடைதான் சரி.

டியூஷன் முடிந்து வருவாளென்றால் விளக்கு வேண்டும். நவம்பரில் இங்கே ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் விழுந்துவிடும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சிவப்பை சீட் கம்பியில் மாட்டினால் பை மறைத்துவிடும். கேரியரின் கடைசியில் மாட்டுங்கள். மழைக்கு, கையையும் மூடிக்கொண்டு காற்றில் உப்பும் போன்சோ ஆகாது. சட்டையும் பேன்ட்டுமாக வரும் ரெயின்கோட் வாங்குங்கள். நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது, இரட்டிப்பு தூரத்துக்கு முன்பே அழுத்தத் தொடங்க வேண்டும். ஏப்ரல், மே மாத மாலைகளில் காற்றோடு மழை அடித்தால் கிளை முறியும் ஊர் இது; மரத்தடியில் ஒதுங்காமல் கடையிலோ பள்ளியிலோ நிற்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் நீங்களோ அப்பாவோ பின்னால் ஓட்டிப் போங்கள், சற்றே வலப்பக்கமாக. வாயைத் திறக்காதீர்கள், தப்பை வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். இரண்டாம் வாரம் அவள் பின்னால் வரட்டும், ஆபத்தான இடம் வரும்போது அவளே முன்கூட்டிச் சொல்லட்டும். மூன்றாம் வாரம் 100 அடி ரோடு சிக்னலில் மட்டும் போய் நில்லுங்கள். அப்பாவை அங்கே நிறுத்துவது உத்தமம். அவள் இறங்கித் தள்ளுவதை நாலு நாள் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

“அதற்கு ஸ்கூட்டியே கொடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி 18 வயதாகாத பிள்ளை ஸ்கூட்டர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

ஞாயிறு மாலை காற்று அடிப்பது அவள் வேலை. எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். வழியில் பங்க்சர் ஆனால் காற்றில்லாத டயரில் ஓட்டக் கூடாது, டியூபும் ரிம்மும் சேர்ந்தே போகும். தெரிந்த கடை ஒன்றில் பூட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கட்டும்; அதற்கு ஒரு 100 ரூபாய் ஜியோமெட்ரி பாக்ஸில் எப்போதும் இருக்கட்டும். அந்தக் கடைக்காரரிடம் நீங்களே முன்கூட்டிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.