டிரம் மெஷினின் உறை ரீங்கரிக்கிறதா? திறக்கும் முன் விரலை வைத்துப் பாருங்கள்

கேள்வி: ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய டிரம் மெஷின் ஒன்றை (‘பேட்’ எனும் தட்டும் பொத்தான்களை அடித்தால் தாள ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி) வாங்கியிருக்கிறேன். அதன் மேல்பகுதி முழுவதும் உலோகத் தகடு. பேட்களை விரலால் தட்டும்போதெல்லாம் அடியின் பின்னால் ‘ணிங்ங்’ என்று ஓர் ஒலி நீள்கிறது. அதே அறையில் மைக் வைத்துப் பாடினால் அந்த ஒலியும் பதிவில் ஏறிவிடுகிறது. இயந்திரத்துக்கு அடியில் ஸ்பாஞ்ச் விரித்துப் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை. இது பழுதா? திறந்து உள்ளே பஞ்சு அடைத்தால் நின்றுவிடுமா?

பதில்: நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் பழுது இல்லை. பஞ்சும் அடைக்க வேண்டாம். ஏன் என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். காரணம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு வெண்கல மணியை அடித்துவிட்டு விரலால் தொடுங்கள். ஒலி அந்தக் கணமே நின்றுவிடும். அடித்ததில் கிடைத்த ஆற்றலை உலோகம் தனக்குள் வெப்பமாக்கிக் கரைத்துவிடுவதில்லை. நெடுநேரம் வைத்துக்கொண்டு அதிர்கிறது. மரத்துக்கும் ரப்பருக்கும் அந்தக் குணம் இல்லை, அதனால்தான் அவை ‘தொப்’ என்று அடங்குகின்றன. மணியைத் தொட்ட உங்கள் விரல் செய்தது, உலோகம் செய்யாத அந்த வேலையைத்தான். டிரம் மெஷினின் மேல்தகடு எஃகாக இருந்தாலும் அலுமினியமாக இருந்தாலும் மணியின் உறவுதான். மெல்லியது, அகலமானது, நான்கு ஓரங்களில் மட்டும் பிடிக்கப்பட்டு நடுவில் தாங்கல் இல்லாதது. அதன் மேல் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை விரலால் அடிக்கிறோம். அது பாடத்தான் செய்யும்.

ஆனால் ஒலி உண்மையிலேயே தகட்டிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தி, அடாப்டரையும் கழற்றிவிட்டுப் பேட்களைத் தட்டுங்கள். அப்போதும் ‘ணிங்’ கேட்டால் காரணம் உலோகம்தான், மின்சுற்று அல்ல. தட்டாதபோதும் மெல்லிய சீரான ஒலி ஒன்று கேட்டு, மின்சாரத்தை நிறுத்தியதும் அது மறைந்தால் விஷயம் வேறு. உள்ளேயே மின்மாற்றி உள்ள பழைய இயந்திரங்களில் அதன் இரும்பு உள்ளகம் மின்சாரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் முனகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 100 ஹெர்ட்ஸில். பழைய வகைத் திரை விளக்குகளுக்கு மின்னழுத்தம் ஏற்றித் தரும் சிறு சுற்றும் கொசுவைப் போலக் கீச்சிடும். இந்த இரண்டையும் தகட்டில் எதை ஒட்டியும் தீர்க்க முடியாது.

அடுத்த சோதனை: இயந்திரத்தில் ஒரு தாளத்தைப் பதிந்து, கையை எடுத்துவிட்டு அதைத் தானாக ஓடவிடுங்கள், ஹெட்போனில் அல்ல, ஸ்பீக்கரில். யாரும் தொடாதபோதும் உறை ரீங்கரித்தால் அதை அதிரவைப்பது ஸ்பீக்கரின் ஒலி. ஒவ்வொரு தகட்டுக்கும் தனக்கே உரிய சில சுருதிகள் உண்டு. அந்தச் சுருதி காற்றில் வந்தால் போதும், தகடு கூடச் சேர்ந்து பாடும். ஸ்பீக்கர்கள் நிற்கும் மேசையிலேயே இயந்திரத்தையும் வைத்திருந்தால் இது இன்னும் மோசமாகும். ஸ்பீக்கரைத் தனித் தாங்கிக்கு மாற்றினாலே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக, இயந்திரத்தை மடியில் வைத்துத் தட்டிப் பாருங்கள். மேசையில் கேட்ட ஒலி மடியில் இல்லையென்றால் பாடியது மேசையோ அதன் உட்குழல் இரும்புக் கால்களோதான். இதைச் செய்யாமல் இயந்திரத்தைப் பிரித்தவர்கள் பலர். அடிப்பாதங்களையும் இப்போதே பாருங்கள். ரப்பர் பாதங்கள் வயதாகிக் கல்லாக இறுகியிருக்கும், அல்லது ஒன்று உதிர்ந்து இயந்திரம் மூன்று காலில் நின்று ஆடிக்கொண்டிருக்கும். புதிய, மென்மையான பாதங்களை ஒட்டுவது எளிய வேலை. நீங்கள் விரித்த ஸ்பாஞ்ச் செய்ததும் இதைத்தான்: மேசைக்குப் போகும் அதிர்வைத் தடுத்தது. மேல்தகடு தன் போக்கில் அதிர்வதை அது தொடவே இல்லை.

இந்த மூன்றையும் தாண்டியும் ‘ணிங்’ நிற்கவில்லை என்றால், இனி விரல்தான் உங்கள் கருவி. அறையை அமைதியாக்குங்கள். ஒரு கையால் தகட்டை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்து, மறு கையால் வழக்கமான பேடைத் தட்டுங்கள். பிறகு அழுத்தும் இடத்தை இரண்டு விரற்கடை நகர்த்தி மீண்டும் தட்டுங்கள். சில இடங்களில் அழுத்தினால் எதுவும் மாறாது. ஓரிடத்தில் அழுத்தியதும் ஒலி சட்டென்று செத்துவிடும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் 1787இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதிய நூலிலேயே படமாக இருக்கிறது. தகட்டின் மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுத்து அதிரவைத்தார். மணல் துள்ளித் துள்ளிப் போய்க் கோடுகளாகச் சேர்ந்தது. அந்தக் கோடுகளில் தகடு அசைவதே இல்லை. அவற்றுக்கு இடைப்பட்ட வயல்களில்தான் அத்தனை ஆட்டமும். அசையாத கோட்டின் மேல் எவ்வளவு ஒட்டினாலும் அந்தச் சுருதிக்குப் பயனில்லை. ஓரங்கள் இறுகப் பிடிக்கப்பட்ட தகட்டில் அடிப்படைச் சுருதிக்கு அதிக ஆட்டம் நடுவில் இருக்கும். ஆனால் உங்கள் தகட்டில் பேட்களுக்கும் குமிழ்களுக்கும் திரைக்கும் துளைகள் வெட்டியிருப்பதால் நடு எது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. விரல் சொல்லிவிடும்.

கேட்பது ஒரே சுருதியாக நீண்டு தேய்கிறதா, ‘ஜிர்ர்’ என்று கரகரக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கரகரத்தால் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன: தளர்ந்த திருகு, மேல்மூடியும் அடிமூடியும் சேரும் விளிம்பு, குமிழுக்கு அடியில் உள்ள வளையம். திருகுகளை இறுக்கிப் பாருங்கள், ஆனால் முரட்டுத்தனம் வேண்டாம். அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ வெட்டிய மரை ஒருமுறை தேய்ந்துபோனால் அந்தத் திருகு பிறகு பிடிக்கவே பிடிக்காது. பேட்டரி போடும் இயந்திரம் என்றால் அந்தக் காலி அறையின் சுருள்வில்லையும் மறக்காதீர்கள். பேட்டரி இல்லாத வில் ஒரு குட்டி மணியைப் போல ஒலிக்கும். இதை நான் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை ஆயிற்று; அதனால்தான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

குறித்த இடம் கிடைத்ததும், திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே ஒத்திகை பாருங்கள். சுவரில் காகிதம் ஒட்டப் பயன்படும், களிமண் போன்ற ஒட்டுப்பசையைக் கட்டைவிரல் அளவு எடுத்து அந்த இடத்தில் அழுத்தி ஒட்டித் தட்டுங்கள். ஒலி குட்டையானால் இடம் சரி. நீளம் மாறாமல் சுருதி மட்டும் இறங்கினால் நீங்கள் எடையைத்தான் கூட்டியிருக்கிறீர்கள், அதிர்வை உறிஞ்சவில்லை. இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். நாணயத்தை டேப்பால் ஒட்டுபவர்களுக்கு நேர்வதும் இதுதான்: ‘ணிங்’ போய் ‘டோங்’ வரும்.

நிரந்தரத் தீர்வுக்குக் கார் கதவுகளின் உட்புறம் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் தாளைப் பரிந்துரைக்கிறேன். ஒருபுறம் பிசுபிசுப்பான ரப்பர், மறுபுறம் அலுமினியத் தாள். அந்த அலுமினியம் அழகுக்காக இல்லை. தகடு வளையும்போது ரப்பரும் சேர்ந்து வளையப் பார்க்கும். மேலே உள்ள அலுமினியமோ நீள மறுக்கும். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். இப்படி மூடிய மெல்லிய தாள், மூடாத தடித்த ரப்பரைவிட நன்றாக வேலை செய்கிறது. தார்த் தாள்களை மின்னணுக் கருவிக்குள் வைக்காதீர்கள். சூட்டில் இளகும், வாடை வீசும்.

பஞ்சும் ஸ்பாஞ்சும் ஏன் உதவுவதில்லை என்பதும் இப்போது விளங்கும். அவை காற்றில் பரவும் ஒலியை மட்டுப்படுத்துபவை. தகட்டோடு இறுகப் பிணைந்து அதன் வளைவைத் தடுப்பவை அல்ல. அதோடு காற்றோட்டத்தை அடைத்து உள்ளே சூட்டைத் தேக்கும். நான் தொடக்க காலத்தில் ஓர் இயந்திரத்தின் வயிறு நிறைய ஸ்பாஞ்ச் அடைத்தேன். ரீங்காரம் அப்படியே இருந்தது. உறை மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டது.

திறப்பதாக முடிவு செய்தால், உத்தரவாதக் காலம் மீதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இயந்திரத்தில் சேமித்த தாளங்களை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பல பழைய இயந்திரங்களில் நினைவகத்தைக் காப்பது பொத்தான் அளவு பேட்டரி ஒன்றுதான், அது அசைந்தால் எல்லாம் அழிந்துவிடும். மின்கம்பி நேராக உள்ளே போகும் வகை, அதாவது வெளி அடாப்டர் இல்லாதது என்றால் நீங்கள் திறக்க வேண்டாம். கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், ஒட்ட வேண்டிய இடத்தைக் காட்டினால் போதும். அடாப்டர் வகையாக இருந்தால் நீங்களே செய்யலாம். மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள். மேல் மூடியையும் அடிப்பலகையையும் தட்டையான நாடாக் கம்பிகள் இணைத்திருக்கும். அவற்றின் இணைப்பிகளில் உள்ள சிறு தாழ்ப்பாளை விடுவித்த பிறகே கழற்ற வேண்டும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை ஒட்டி, ஓரம் முதல் ஓரம் வரை அழுத்தித் தேயுங்கள். மூடியைப் பொருத்தித் தட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொன்று. தகட்டின் பரப்பில் கால் பங்கு மூடினாலே பெரும்பாலும் போதும். முழுதும் மூடுவது எடையைத்தான் கூட்டும். அலுமினிய விளிம்பு மின்சுற்றுப் பலகையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். ஆகவே உயரம் குறைவான இடங்களைத் தவிர்த்து, விளிம்புகளின் மேல் மின்காப்பு டேப் ஒட்டுங்கள். காற்றுத் துளைகளையும், உறையோடு திருகி வைத்த சூடாகும் பாகங்களின் சுற்றுப்புறத்தையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் உறைதான் குளிர்விப்பான்.

மூடியின் விளிம்புகள் உரசிக் கரகரத்தால் மெல்லிய கம்பளி டேப் ஒட்டலாம். ஆனால் திருகைச் சுற்றிப் பூச்சு சுரண்டப்பட்டு வெற்று உலோகம் தெரியும் இடங்களில் ஒட்டவே கூடாது. மேல் மூடியும் கீழ் மூடியும் அங்கேதான் மின்தொடர்பு கொள்கின்றன. அதைத் துண்டித்தால் ரீங்காரம் போய் ஹெட்போனில் இரைச்சல் வந்து உட்காரும்.

திறக்கவே மனமில்லை என்றாலும் வழி இருக்கிறது. பேடின் உணர்திறனை ஓரிரு படி உயர்த்துங்கள். மெதுவாகத் தட்டினாலே முழு ஒலியும் வரும், தகட்டுக்குப் போகும் அடி குறையும். ஒரு பேடைத் தட்டினால் பக்கத்துப் பேடும் ஒலிக்கிறது என்றால் அதுவும் இதே அதிர்வின் வேலைதான். உணர்வதற்கான குறைந்தபட்ச அளவை அந்தப் பக்கத்துப் பேடுக்குச் சற்று ஏற்றுங்கள். உங்கள் பாடல் பதிவுக்கோ இன்னும் எளிய வழி உண்டு. தாளத்தை முதலில் இயந்திரத்திலேயே பதிந்துகொண்டு, பாடும்போது ஹெட்போனில் அதை ஓடவிடுங்கள். யாரும் தட்டாத தகடு எதையும் பாடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தே ஆக வேண்டுமானால், முன்பக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு வகை மைக்கை எடுத்து, அதன் முதுகு இயந்திரத்தைப் பார்க்குமாறு நிறுத்துங்கள்.